சிவப்புத் திருகு

டென்சிலுக்கு எந்த வேலையையும் சும்மா செய்யத் தெரியாது. வாய் ஓடினால்தான் கை ஓடும். லிங்கராஜபுரத்தில் அவனுடைய லேத் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, தங்கை லவினா அந்த ஓட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

வைஸ் இடுக்கியில் மாட்டியிருந்தது துப்பாக்கி சுடும் கிளப்பின் ஏர் பிஸ்டல். லவினாவும் அதே கிளப்பில் இருக்கும் மமதாவும் மாற்றி மாற்றிச் சுடுவது. மரக் கைப்பிடியைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிப்பது அடியிலிருந்து ஏறும் ஒரே ஒரு ஆலன் திருகு. அது இறங்கும் அலுமினியத் துளையில், திருகைப் பற்றும் மரை உரிந்து போய்விட்டது. போன ஞாயிறு போட்டியில் கைப்பிடி ஆடி, லவினாவின் குண்டுகள் இலக்கின் கறுப்பு வட்டத்தை விட்டே வெளியே போயின. சுட்டு முடித்த கையோடு, கிளப்பே பார்க்க, அவள் மமதாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடி தொட்டது நீதானே? உன் முரட்டுக் கையில குடுத்தா எது உருப்படும்?"

மமதா ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாயைத் திறக்காததே சாட்சி என்று லவினா வாரம் முழுக்க நம்பினாள். நம்புவது வசதியாகவும் இருந்தது.

"துளையைப் பெரிசாக்கி, புது மரை வெட்டி, உள்ளே கம்பிச் சுருள் இறக்கிட்டா புதுசை விட கெட்டி," என்றான் டென்சில். "இரு, முதல்ல குப்பையை எடுக்கறேன்."

துளைக்குள் ஊசியை விட்டுச் சுரண்டி, வெள்ளைத் தாளில் தட்டினான். அலுமினியத் தூள் விழுந்தது. நடுவில் சிவப்புச் செதில்கள்.

"அட, நெயில் பாலிஷ்! திருகு லூஸ் ஆகக்கூடாதுன்னு தடவியிருக்கா. சரி, தடவட்டும். காஞ்சப்புறம் கழட்டணும்னா ரிமூவர் விட்டு ஊறவெக்கணும் இல்ல? முறுக்கினா மரையை உரிச்சுக்கிட்டுத்தான் வரும். அந்த மமதா பொண்ணு வேலையா இது?"

லவினா தன் நகங்களைப் பார்த்தாள். அதே சிவப்பு.

பிடி அடிக்கடி தளர்கிறதே என்று, ஈஸ்டருக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து திருகில் தடவியவள் அவள்தான். போட்டிக்கு முந்தின சாயங்காலம் பிடியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க ஆசைப்பட்டு, வராத திருகை இரண்டு கையாலும் முறுக்கியவளும் அவள்தான். கிரிச்சென்று கேட்ட சத்தம்கூட இப்போது ஞாபகம் வந்தது. மமதா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள், சாயம் என்பதே கிடையாது.

ஆமாம் என்று சொன்னால் அண்ணன் நம்பிவிடுவான். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தாண்ணா," என்றாள்.

அன்றைக்கு முதல் தடவையாக டென்சிலின் வாய் நின்றது. கை மட்டும் ஓடியது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து நேரே பிரேசர் டவுன் கிளப்புக்குப் போனாள். போன வாரத்து ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஆனாலும் கொட்டிய இடத்தில்தானே குனிந்தாக வேண்டும்?

"மமதா, மரையை உரிச்சது நான்தான். பழியை உன் மேல போட்டுட்டேன். எல்லாரும் கேக்கட்டும்னுதான் இங்க வெச்சு சொல்றேன். மன்னிச்சுடு."

"தெரியும்க்கா," என்றாள் மமதா. "அன்னைக்கே திருகுல செவப்பைப் பாத்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையேக்கா. நான்தான் பண்ணினேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

லவினாவுக்கு முகம் எரிந்தது. பிஸ்டலை மமதாவிடம் நீட்டினாள். மமதா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க சுடுங்கக்கா. பிடி ஆடலைன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் நான் தொடறேன்."

லவினா கோட்டில் போய் நின்று கையை நீட்டினாள். பிடி இம்மியும் அசையவில்லை. கறுப்பு வட்டம்தான் கண்ணில் கலங்கிக் கலங்கித் தெரிந்தது.