குட்டைக் கம்பி

"நீ அதை வாசிக்கறயா, இல்லை அடிக்கறயா?" என்று சித்தி ஒரு நாள் என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. சித்திக்கு அது புதிதும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டிய நாளிலெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு, கடைசியில் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்போது மட்டாஞ்சேரியில் சித்தி வீட்டில் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தி பாக்கியலக்ஷ்மி மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறாள். அதில் ரோஹன் என்கிற அண்ணா இருந்தார். திருப்பூணித்துறைக்காரர். போர்ட் கொச்சியில் ஒரு காபிக் கடையில் சாயங்காலம் கிட்டார் வாசிப்பார். மத்தியானமே ஒத்திகைக்குக் கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு மாடியைப் பெருக்குவது என் வேலை.

அந்த அறையின் சுவரில் ஓர் ஆணியில் ஒரு பாஞ்சோ தொங்கியது. பெரிய கஞ்சிராவுக்கு நீளமாகக் கழுத்து வைத்தது போல இருக்கும். ஊரைவிட்டுப் போகிற யாரிடமோ ரோஹன் அண்ணா வாங்கியது. விரல்களில் இரும்பு நகம் மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் அதை மீட்டிப் பார்த்தார். அவர் நினைத்த சத்தம் வரவில்லை. ஆணியில் மாட்டிவிட்டார்.

நான் முதலில் கவனித்தது அதன் திருகாணிகளை. நான்கு திருகாணிகள் கழுத்தின் நுனியில் இருந்தன. ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதியில், பக்கவாட்டில் முளைத்திருந்தது. செய்தவன் மறந்துபோய், அப்புறம் ஞாபகம் வந்து அங்கே துளை போட்டிருப்பான் என்று நினைத்தேன். அந்தத் திருகாணியிலிருந்து புறப்படுகிற கம்பி குட்டையானது. அதுவும் தடித்த கம்பிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் போய்ச் சேருகிற இடத்தில், எல்லாவற்றையும்விடக் கீச்சுக்குரலோடு இருந்தது. வரிசை தெரியாமல் பெரியவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்ட குழந்தை மாதிரி.

ஏன் அப்படி என்று போனில் தேடினேன். அப்படித்தான் ஓர் அமெரிக்க அம்மாளின் வீடியோ கிடைத்தது. ஏதோ மலை ஊரில், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் ரோஹன் அண்ணா மாதிரிக் கம்பியை மேலே இழுத்து மீட்டவில்லை. கையை எலுமிச்சம்பழம் பிடித்தது போலப் பாதி மூடி, ஆள்காட்டி விரல் நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடித்தாள். விரல்கள் தனித்தனியாக அசையவே இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி கை மொத்தமும் இறங்கியது. இறங்கும்போதே கட்டைவிரல் குட்டைக் கம்பியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கை எழும்பும்போது அதைத் தொட்டுவிட்டு வந்தது.

பழைய காலத்து வாசிப்பு அது என்று போட்டிருந்தார்கள். வீடியோவின் வேகத்தைப் பாதியாக்கி அந்தக் கையை மட்டும் பார்ப்பேன். பெருக்கி முடித்ததும் பாஞ்சோவை ஆணியிலிருந்து எடுத்து அதே மாதிரி அடித்துப் பார்ப்பேன்.

எனக்கு முதலில் வந்தது வெறும் 'தொப்' சத்தம்தான். நகம் கம்பியைத் தவறவிட்டு அடியிலிருக்கிற பாஞ்சோவின் தோலில் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சித்தி கீழேயிருந்து அப்படிக் கேட்டாள். நகம் உடைந்தது. பாத்திரம் தேய்க்கிற கையில் நகம் வளர்ப்பது சுலபமில்லை. அந்த ஒரு விரலை மட்டும் மடக்கிக்கொண்டு தேய்க்கப் பழகினேன்.

"என்னடி, அந்த விரலுக்கு மாத்திரம் லீவா?" என்றாள் சித்தி.

மழைக்காலத்தில் தோல் தளர்ந்துபோனது. விளிம்பைச் சுற்றியிருந்த சின்னச் சின்ன நட்டுகளைச் சித்தப்பாவின் சைக்கிள் ஸ்பானரால் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் முடுக்கினேன். பயந்துகொண்டேதான் செய்தேன். தோல் விறைத்தது. அன்றைக்குத்தான் அந்தத் தாளம் முதல்முறையாகச் சரியாக விழுந்தது. படகுத்துறையில் படகு வந்து டயரில் மோதும்போது முதலில் ஒரு பெரிய இடி, பின்னாலேயே இரண்டு சின்ன இடி கேட்கும். அதே மாதிரி. அந்தக் கடைசிச் சின்ன இடிதான் குட்டைக் கம்பி.

அது எதற்கு அங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மற்ற நான்கு கம்பிகளிலும் இடது கை ஓடி ஓடிப் பாட்டைத் தேடும். குட்டைக் கம்பியை யாரும் அழுத்துவதில்லை. அது எப்போதும் ஒரே சுரத்தைத்தான் சொல்லும். தம்புராவும் அப்படித்தான், ஆனால் தம்புரா பாட்டுக்கு அடியில் நிற்கும். இது பாட்டு காலை எடுத்து வைத்த பிறகு, ஒரு நொடி தள்ளி, 'நான் இங்கேயே இருக்கேன்' என்று சொல்லும். பேசாமல் ஒரே இடத்தில் இருக்கிற ஒன்றுக்கும் அந்தப் பாட்டில் வேலை இருந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

இன்னொரு விஷயமும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பாட்டுகளுக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர்களுக்காகச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற வீடியோக்களில் போதும் என்று தோன்றினால் ஒருவர் ஒரு காலைத் தூக்குவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். மற்றவர்கள் அந்தச் சுற்றை முடித்துவிட்டு ஒன்றாக நிறுத்துவார்கள். தனியாக வாசிக்கிற எனக்கு யார் காலைத் தூக்குவார்கள்? படியில் சித்தியின் காலடி கேட்கும்போது நிறுத்துவேன். அதுதான் என் முடிவு.

ஒவ்வொரு நாளும் மாட்டுவதற்கு முன்னால் எல்லாத் திருகாணிகளையும் தளர்த்திவிடுவேன். சுருதி சேர்ந்து இருந்தால் ரோஹன் அண்ணாவுக்குத் தெரிந்துவிடும், கேட்பார், நான் பதில் பேச வேண்டி வரும். அவர் எப்போதாவது அதைத் தட்டிப் பார்த்தால் தொளதொளவென்று ஒரு சத்தம்தான் வரும். இதனால் என்ன வரும் என்று நான் யோசிக்கவில்லை.

போன வாரம் ரோஹன் அண்ணாவுக்குப் பெங்களூரில் ஒரு குழுவில் இடம் கிடைத்தது. கிட்டாரைத் தவிர மற்றதையெல்லாம் கழித்துவிட ராமபத்ரன் மாமாவை வரச்சொன்னார். ஹோட்டல்களுக்கும் லாட்ஜுகளுக்கும் சுவரை அலங்கரிக்கப் பழைய சாமான்கள் கொடுக்கிறவர் அவர். கனத்த பழுப்புச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார். ரோஹன் அண்ணா சாமான்களை மாடியிலிருந்து இறக்கித் தரையில் பரப்பினார். பாஞ்சோவும் அதில் இருந்தது. நான் சாயா கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றேன்.

டேப்ரிக்கார்டரைத் தட்டிப் பார்த்தார் மாமா. "ஓடுமோ?"

"ஓடாது," என்றார் ரோஹன் அண்ணா, கொஞ்சம் வெட்கத்தோடு.

"நல்லதாப் போச்சு. எடுத்துக்கறேன்."

சித்திக்கு ஆசை வந்துவிட்டது. அலமாரி மேலிருந்த கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சாவி கொடுத்தாள். அது டக் டக் என்று ஓடியது. மாமா அதை வாங்காமலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது வேண்டாம். ஓடறது."

"ஓடினா நல்லதில்லையா?"

"எனக்குக் கேடான சாமான்தான் வேணும் பாக்கியம். ஓடற சாமானுக்கு எங்கயாவது ஒரு ஆள் இருக்கும், கேட்டயா. இன்னிக்கி வித்துடும், நாளைக்கி ஹோட்டல் வாசல்ல வந்து நின்னுண்டு அதையே பார்த்துண்டிருக்கும். ஒரு தடவை நான் பட்டாச்சு. ஒரு தையல் மிஷின். அந்தப் பொம்மனாட்டி தினோம் வந்தா."

"வந்தா என்ன, ஒரு சாயா குடுத்து அனுப்பறது," என்றாள் சித்தி.

"நீ குடு. நான் வியாபாரம் பண்றேன்."

பிறகு அவர் குனிந்து பாஞ்சோவை எடுத்தார். ரோஹன் அண்ணா, "அதும் கேடாயிடுத்து மாமா. சத்தமே வராது," என்றார். மாமா விரலால் தட்டினார். தொள என்றது. நான்தான் முந்தின நாள் தளர்த்தி வைத்திருந்தேன்.

"நன்னா இருக்கு," என்றார் மாமா. "ஒரு ஹோட்டல்ல மாடிப்படி சுவர்ல எடம் காலியா இருக்கு. பசை போட்டு ஒட்டிடுவா. யாரும் இழுக்கப்படாதே."

அவர் அதை டேப்ரிக்கார்டர் பக்கத்தில் வைத்தார்.

"அது கேடாகலை," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்தது. போய்த் தரையில் உட்கார்ந்து பாஞ்சோவை மடியில் எடுத்துக்கொண்டேன்.

"மது, என்ன பண்றே?" என்றார் ரோஹன் அண்ணா.

"அடிக்கப் போறா," என்றாள் சித்தி. "நீ சும்மா இரு."

முதலில் குட்டைக் கம்பியை முடுக்கினேன். அது நின்றால் மற்றவை அதைப் பார்த்து நிற்கும். கை வேர்த்துத் திருகாணி வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். சித்தியின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லாமல் தரையையே பார்த்தேன். தரையில் அவர்களுடைய கால்கள் இருந்தன. கால்களைப் பார்ப்பது பரவாயில்லை என்று தோன்றியது.

முதல் அடி தோலில் விழுந்தது. தொப். ரோஹன் அண்ணாவின் கால்விரல்கள் சுருங்கின. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கட்டைவிரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது, பெரிய இடி விழுந்தது, பின்னாலேயே சின்ன இடி இரண்டும் வந்தன. அதற்கப்புறம் கை தானாகப் போனது. மாடியில் இவ்வளவு சத்தமாக நான் வாசித்ததே இல்லை. அங்கே எப்போதும் அடக்கி அடக்கித்தான். கூடத்துக் கல் தரையில் அந்தச் சத்தம் துள்ளியது. குட்டைக் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நான் இங்கேயே இருக்கேன், இங்கேயே இருக்கேன் என்றது.

ரோஹன் அண்ணாவின் கால்கள் கிட்டே வந்து, மடங்கி, என் எதிரே தரையில் உட்கார்ந்தன. "அதானா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கீழ அடிக்கணுமா." சித்தியின் மெட்டி தரையில் ஒரு தடவை டக் என்றது. பிறகு தாளத்துக்குச் சரியாக, திரும்பத் திரும்ப டக் என்றது.

பாட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

அப்போது ராமபத்ரன் மாமாவின் கால்கள் வாசல் பக்கம் திரும்பி நடந்தன. நிலைப்படியைத் தாண்டின. செருப்புக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றன. அப்புறம் வலது கால் தரையிலிருந்து மேலே எழும்பியது.

காலைத் தூக்கியதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. நடக்கிற சுற்றை முழுதாக முடிக்க வேண்டும். முடித்தேன். கடைசியாகக் கட்டைவிரலைக் குட்டைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். ஓடாத டேப்ரிக்கார்டரை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவர் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.