விழுப்புரம் ரோட்டில் கொள்ளு காய்ந்தபோது

1

இந்தக் கதை ஒரு கார்க் கையேட்டிலிருந்து வந்தது. சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை. என் தங்கை மகன் வாங்கிய புதுக் காரில் க்ரூஸ் கண்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. பட்டனைத் தட்டிவிட்டால் மிதிக்காமலே கார் ஒரே வேகத்தில் ஓடுமாம். அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் கையேட்டைப் புரட்டினேன். நெரிசலில் வேண்டாம், வளைவில் வேண்டாம், வழுக்கும் சாலையில் வேண்டவே வேண்டாம், கால் எப்போதும் பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று போட்டிருந்தது. எழுதியவர் யாரோ, என்னைவிடச் சுருக்கமாக எழுதுகிறார். அவருக்கு முதல் நன்றி.

அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு மனிதரின் கால் தெரிந்தது. அது பிரேக்குக்குப் பக்கத்தில் இல்லை.

2

முதல் தொடக்கம்: 'செஞ்சிக் கோட்டையின் மேல் சூரியன்...' வேண்டாம். கோட்டையைத் தொட்டால் கதை மலையேறிவிடும், இறங்கி வராது.

இரண்டாம் தொடக்கம்: '1964, தை மாதம். செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராஜகோபாலின் டிரைவர் தனகோட்டிக்கு வலது முழங்கால் மடங்க மறுத்தது.' இது போதும், ஓட்டலாம்.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாமல் காப்பாற்றியது ஒரு குமிழ். அந்தப் பழைய காரில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கை ஆக்சிலேட்டர் இருந்தது. குமிழை வெளியே இழுத்து வைத்தால் கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், காலை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காலத்துக் கார் மாதிரி பிரேக்கைத் தொட்டதும் அது விட்டுக்கொடுக்காது. கையால் உள்ளே தள்ளினால்தான் அடங்கும்.*

* இதை எனக்கு விளக்கிய மெக்கானிக், 'இது எதுக்கு சார் உங்களுக்கு?' என்று கேட்டார். கதைக்கு என்றேன். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி.

தனகோட்டிக்கு என்று சட்டங்கள் இருந்தன. நேரான ரோட்டில்தான் இழுப்பார். மழை என்றால் தொடமாட்டார். எதிரே மாட்டு வண்டி தெரிந்தாலே உள்ளே தள்ளிவிடுவார். ஒழுங்கான மனிதர். இவரை வைத்துக்கொண்டு எப்படி விபத்து எழுதுவது என்று எனக்கு இரண்டு நாள் கவலை.

3

வண்டியில் யார்? முதலில் ராஜகோபாலையே உட்காரவைத்தேன். வாயைத் திறந்தால் கணக்குத்தான் பேசினார். இறக்கிவிட்டு அவர் மனைவி ஜானகியை ஏற்றினேன். வெள்ளிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் கண் டாக்டரிடம் போவதாக வீட்டில் பேச்சு. ஜானகியின் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போய்விட்ட மகள் ஆதிலட்சுமி விழுப்புரத்தில் இருந்தாள். அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது ராஜகோபாலின் உத்தரவு.

தனகோட்டி மகள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார், தெருமுனையில் காத்திருப்பார், ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. ஊர் எல்லை தாண்டியதும் ஜானகி முன் சீட்டுக்கு மாறிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதனால் குமிழையும் பார்த்திருக்கிறார், நீட்டிய காலையும் பார்த்திருக்கிறார். அவரும் ஒரு வார்த்தை விட்டதில்லை.

(இது நட்பா? தெரியவில்லை. அதற்கு ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.)

4

இனி விபத்து.

தை பிறந்தால் அந்தப் பக்கத்தில் கொள்ளு அறுவடை. செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறிக் காயை உதிர்த்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். டிரைவர்களும் ஒதுங்கமாட்டார்கள். மேலே ஏற்றிப் போவதுதான் மரியாதை. ஒதுங்கிப் போனால் 'இன்னா, எங்க கொள்ளு உனுக்கு ஆவாதா?' என்று கேட்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, மண்டகப்பட்டுக்குப் பிரியும் இடத்துக்கு முன்னால், மீனம்பாள் என்ற விவசாயி கொள்ளு பரப்பியிருந்தார். (ஜானகிக்கு 'அவர்', மீனம்பாளுக்கு 'அவள்' என்று முதலில் எழுதியிருந்தேன். திருத்தினேன்.) தனகோட்டியின் சட்டங்களில் மழை இருந்தது, மாடு இருந்தது. கொள்ளு இல்லை. அதை ரோடாகவே அவர் நினைத்தார். குமிழை இழுத்தபடியே மரியாதையாக ஏற்றினார்.

உதிர்ந்து கிடந்த வழவழப்பான கொள்ளின் மேல் சக்கரம் வழுக்கியது. கார் பக்கவாட்டில் நகர்ந்தது. செடியைப் புரட்டிக்கொண்டிருந்த மீனம்பாள் நேர் எதிரே நின்றார். தனகோட்டி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார், கால் பிரேக்கைத் தேடுகிறது, இன்ஜினோ இழுத்துக்கொண்டே

முதல் வரைவில் மீனம்பாள் இங்கே செத்துப்போனார். நானே எழுதிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

இந்த வரைவில் ஜானகி கையை நீட்டிக் குமிழை உள்ளே அழுத்துகிறார். எனக்கு முன்பே அவருக்குத் தோன்றிவிட்டது. கார் செடிக் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? மெதுவா ஏத்துனாதானே உதுரும்! வாரி எறிஞ்சிட்டியே!" என்று மீனம்பாள் கத்தினார். பிறகு ஜானகியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எறங்குமா. தண்ணி குடி. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

மீனம்பாளே, உங்களுக்கு என் நன்றி. உயிரோடு இருந்ததற்கு.

5

மீனம்பாள் சிதறியதைக் கூட்டப் போனார். தனகோட்டி பேச்சை எடுத்தார்.

"ஒங்களுக்குத் தெரியும்னு எனுக்குத் தெரியும்மா. முதலாளிகிட்ட சொல்லாம இருந்தீங்க. எம் புள்ளைங்க சாப்டுதுன்னா ஒங்களாலதான்."

"நானும் எம் பொண்ணப் பாக்குறேன்னா உன்னாலதான் தனகோட்டி." ஜானகி மீனம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா இனிமே நீ ஓட்டக் கூடாது."

"அப்ப பாப்பாவ எப்டிமா பாப்பீங்க? புதுசா வர்ற டிரைவர் அன்னிக்கே போட்டுக் குடுத்துருவான்."

"பஸ்ல போறேன்."

"செஞ்சி பஸ் ஸ்டாண்டுலயா? கடைத்தெருவே பாக்கும்மா!"

"பாக்கட்டும்."

இந்த 'பாக்கட்டும்' நான் யோசித்து வைத்ததில்லை. முதலாளியிடம் ஒரு பொய் சொல்லி இருவரும் தப்பிக்கிற முடிவைத்தான் வைத்திருந்தேன். தனகோட்டி தானே சாவியை வைத்துவிட்டுப் போகிற முடிவும் ஒன்று இருந்தது. இரண்டையும் ஜானகியே தள்ளிவிட்டார். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு ஆள் அமைவது பாக்கியம்.

6

அன்று மகளைப் பார்க்கவில்லை. பத்து மைல் வேகத்தில், குமிழைத் தொடாமல், செஞ்சிக்குத் திரும்பினார்கள். கடைத்தெருவில் கூட்டம். தனகோட்டி காரை நிறுத்திவிட்டுக் கீழே நின்றார்.

ஜானகி கடைக்குள் போனார். வாடிக்கையாளர்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இவ்ளோ நாளா நான் கண் டாக்டர்கிட்ட போவல. ஆதிலட்சுமியப் பாக்கப் போனேன். வர்ற வெள்ளிக்கிழமை பஸ்ல போவேன். தனகோட்டிக்கு இனிமே கார் ஓட்டக் கால் முடியாது, கடையில துணி எடுத்துப் போடட்டும்."

ராஜகோபால் கல்லாவை மூடினார். மனைவியைப் பார்த்தார், வெளியே நின்ற தனகோட்டியைப் பார்த்தார். நானும் பேனாவோடு அங்கேயே நிற்கிறேன். ராஜகோபால் என்ன சொல்கிறார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை என்று தோன்றுகிறது. இதுவரை இந்தக் கதையில் நான் செய்த முடிவுகளில் ஒன்றுகூட இவர்களுக்கு உதவவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் பேரை எடுக்கக் கூடாத ஒருவர் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு, ராஜகோபால் ஜானகிக்குச் சொல்லும் பதிலை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், ஜானகி உட்காரக்கூட இல்லை.