களத்துமேட்டில் பனிக்கோடு

விண்ணரசிக்கு அந்த ஊரில் கண் நிற்க ஓர் இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுத்த நெல்தாள், வாய்க்கால், அதற்கப்பால் மறுபடியும் தாள். திருவாரூரிலிருந்து ஒன்பது மைல் உள்ளே, பண்ணையார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை அவள். பிறந்தது நாகப்பட்டினத்துக் கடற்கரை. நூலகத்தில் எடுத்துவந்த மொழிபெயர்ப்பு நாவலில் ஒருவன் முந்நூறு பக்கமாகப் பனிமலை ஏறிக்கொண்டிருந்தான். அவனோடு ஏறி ஏறி அவளுக்கும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

அன்று பாடம் எவரெஸ்ட்.

"டீச்சர், மேல போனா சூரியன் கிட்டதானே வரும்? அப்ப சுடணும்ல?" என்றாள் ஐந்தாம் வகுப்பு ஜெயா.

"சூரியன் தரையைச் சுட வைக்கும். தரைதான் காத்தைச் சுட வைக்கும். தரையை விட்டு மேல போகப் போகக் காத்து மெலியும், குளிரும்."

ஒரு முகத்திலும் நம்பிக்கை இல்லை. வாய்க்கால் கரையைவிட உயரமாக எதிலும் ஏறாத பிள்ளைகள். விண்ணரசி சாக்கட்டியைப் போட்டாள். "எந்திரிங்க. மலையைக் காட்டறேன்."

பின்னால் பண்ணையின் களம். நடுவில் இரண்டாள் உயரத்துக்கு நெல் அம்பாரம். புது ஆட்சி வந்து முதல் தை. அறுப்பு ஆட்களோடு கூலிப் பேச்சு முறிந்து, வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்து பேசி முடிக்கும்வரை நெல்லை யாரும் அள்ளுவதில்லை என்று ஏற்பாடு. காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். அம்பாரத்தைச் சுற்றித் தோளுயரத்தில் சாம்பல் கோடுகள்.

"டீச்சர், அது வந்து..." என்று ஜெயா இழுத்தாள்.

"இரு, இரு. இதுதான் பனிக்கோடு! இதுக்கு மேல பனி உருகவே உருகாது."

மதிய உணவு அடுப்பிலிருந்து ஒரு முறம் சாம்பல் வந்தது. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். முட்டிவரை புதைந்தது. 'எவரெஸ்ட், 29,028 அடி' என்று தாளில் எழுதி, விளக்குமாற்றுக் குச்சியில் குத்தி உச்சியில் கொடியாக நட்டாள். சாம்பலை வீசினாள். "இங்க ஒரு அடி வைக்க மூணு தரம் மூச்சு விடணும். காத்து ஆளைத் தூக்கும். மே மாசத்துல சில நாள்தான் அடங்கி வழிவிடும்!"

பிள்ளைகளும் ஏறினார்கள். நெல் சரிந்தது. கொடி புதைந்தது. "பனிச்சரிவு!" என்று கத்திக்கொண்டே உருண்டார்கள்.

சாயங்காலம் களத்தில் கூட்டம். "குறி அழிஞ்சிருக்கு! நெல்லை அள்ளிட்டு, சாம்பலைத் தூவி மறைச்சிருக்கானுங்க!" என்று பண்ணைக் காரியஸ்தர் அமிர்தலிங்கம் துண்டை உதறினார். ஆட்களுக்காகப் பேசுகிற இளையபெருமாளைப் போலீஸ் ஜீப்பருகே நிறுத்தியிருந்தார்கள்.

அளக்காத நெல்லில் சாம்பலால் குறி போடுவார்கள், கோடு கலைந்தால் யாரோ கைவைத்ததாக அர்த்தம் என்று பக்கத்தில் நின்றவள் சொல்லித்தான் விண்ணரசிக்குத் தெரிந்தது. ஏதோ பூசைக்கு இட்டது என்று நினைத்திருந்தாள்.

"அது நான்தாங்க," என்றாள்.

அமிர்தலிங்கம் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "வீட்டுக்குப் போங்க டீச்சர். உங்களை நிரந்தரமாக்குற காகிதம் ஐயா மேசையில இருக்கு. கையெழுத்துதான் பாக்கி."

ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த காகிதம். அது வந்தால்தான் தங்கையைப் படிக்க வைக்க முடியும். ஜீப்பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சமதரையில் நின்றபடியே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், நில்லுங்க!" என்று ஓடினாள். எல்லாரும் பார்க்க அம்பாரத்தில் ஏறி, இரண்டு கையாலும் நெல்லைத் தோண்டினாள். கசங்கிய கொடி வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார். இளையபெருமாளைப் பார்த்தார். "போய்யா," என்றார்.

மறுநாள் பள்ளி வாசலை அமிர்தலிங்கம் மறித்து நின்றார். "இங்க உங்களுக்குக் காத்து பத்தாது டீச்சர். கடற்கரைக்கே போங்க."

பெட்டியை இளையபெருமாள் பஸ் நிற்கும் இடம்வரை தூக்கி வந்தார்.

"ஏன் டீச்சர், அந்த மலையில என்ன விளையும்?"

"ஒண்ணும் விளையாதுங்க. வெறும் பாறை, பனி."

"அப்பறம் எதுக்கு ஏறுறாங்க?"

"பேர் வாங்க. மூட்டை சுமக்கறவங்க கூலிக்கு ஏறுவாங்க."

"அங்கயும் கூலியா!" இளையபெருமாள் சிரித்தார். "அவங்களுக்கு யாரு பேசறது?"

விண்ணரசி யோசித்துப் பார்த்தாள். அந்த நாவலின் முந்நூறு பக்கத்தில் அவர்கள் ஒருவருக்கும் பெயர்கூட இல்லை.

"தெரியலைங்க," என்றாள். பஸ் வந்தது.