முன் வலது கைப்பிடி

சந்தூக்குப் பெட்டியை லிஃப்டுக்குள் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னவர் முதல் மாடிப் பல் டாக்டர்.

"வாப்பாவ நிக்க வச்சா கொண்டுபோறது?" என்றார் அண்ணன். அளவு நாடாவோடு லிஃப்டின் வாசலில் குந்தியிருந்தார்.

"ஏன், இத்தனை வருஷமும் அவர் லிஃப்டுல நின்னுக்கிட்டுத்தானே போனார்?"

டாக்டர் கேலியாகச் சொல்லவில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் அவர். பதில் வரும் என்று எதிர்பார்த்து எதையும் சொல்வதில்லை.

அண்ணன் நாடாவைச் சுருட்டினார். "படியிலதான் இறக்கணும். ரெண்டு மாடிதானே."

வீட்டுக் கதவருகே நின்று மகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா காலையில் தொழுதுவிட்டு, டீ ஆறட்டும் என்று பாயில் சாய்ந்தவர். டீ ஆறிவிட்டது, அவர் எழவில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை விற்றவர் கடைசிவரை பாயில்தான் படுத்தார். "நம்ம கடை மெத்தை சரியில்லையா?" என்று யாராவது கேட்டால், "மெத்தை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் அந்தத் தகுதி இல்ல" என்பார்.

குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தியாகிவிட்டது. பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கும் வந்துவிட்டது. நாலு மூலையிலும் நாலு கைப்பிடி வைத்த பழைய மரப்பெட்டி. மதியத் தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். மணி பதினொன்றரை.

அந்த நாலு கைப்பிடிகளில் ஒன்று மகளுடையது. முன்பக்கம், வலது. அது அவளுக்கும் வாப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும். சைக்கிளுக்காக அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, கடைக்குள் போய் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை ஒன்றில் குப்புறப் படுத்துக்கொண்டாள். இரண்டு வேளை சாப்பிடவில்லை. வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உறை கிறீச்சிட்டது.

"உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா? கடைசியில என்னைத் தூக்கும்போது முன்னாடி வலது கைப்பிடி உனக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

"பொம்பளைங்க தூக்கலாமா வாப்பா?"

"பலம் இருக்கறவங்க தூக்கலாம். அதுக்குத்தான் சாப்பிடச் சொல்றேன்."

எழுந்து சாப்பிட்டாள். அதற்கப்புறம் அண்ணனுக்குத்தான் செல்லம் அதிகம் என்று தோன்றியபோதெல்லாம் அந்தக் கைப்பிடியை நினைத்துக்கொண்டாள். இப்போது நாற்பத்தெட்டு வயதாகிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டு பஸ்களும் அவள் பொறுப்பில் ஓடுகின்றன. ஆனாலும் அந்த ஆசை அப்படியே இருந்தது. அடக்கம் பண்ணும் இடம் வரைக்கும் போக வேண்டாம், வாசல்வரைக்கும் தூக்கினால் போதும். அதை எப்படி அண்ணனிடம் கேட்பது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சந்தூக்கின் முன் வலது மூலையில் போய் நின்றார். "தம்பி, பெரியவர் என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார். இப்ப சொல்லித்தான் ஆகணும். இந்தக் கைப்பிடி எனக்குன்னு சொன்னார்."

மகள் கதவருகிலிருந்து கூடத்துக்குள் வந்தாள்.

"உங்களுக்கா?" என்றார் மூன்றாம் மாடி வக்கீல். வந்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தவர். "என்கிட்ட சொன்னாரே. போன வருஷம் மழையப்போ."

இந்த இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. வக்கீல் வீட்டுக் குழாய் ஒழுகி, டாக்டரின் நாற்காலிக்கு நேர்மேலே சொட்டியது. நடுவில் இருந்தது வாப்பாவின் வீடு. தண்ணீர்கூட அவரைத் தொந்தரவு செய்யாமல் சுவருக்குள்ளேயே இறங்கியது. ஒழுகுவது தன் வீட்டுத் தண்ணீரே இல்லை என்று வக்கீல் மூன்று நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

"மன்னிக்கணும்" என்று தொண்டையைக் கனைத்தார் பள்ளிவாசல் செயலாளர். "அதை அவர் எனக்குக் கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் மெத்தைக் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து இறைவன் பெயரைச் சொல்லும் கூட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதியவரே அவர்தான். வாப்பா ஒரு சூஃபி ஷெய்குவிடம் கைகொடுத்து அந்தப் பாதையில் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். என்ன மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள், செருப்பைக் கழற்றினால் போதும். செயலாளரின் கடிதத்துக்கு வாப்பா பதில் எழுதவில்லை. அவருக்குக் கழுத்துவலி என்று கேள்விப்பட்டு ஒரு தலையணை கொடுத்தனுப்பினார். அடுத்த வியாழன் செயலாளர் தலையணைக்கு நன்றி சொல்ல வந்தார். வந்தவர் வந்தவர்தான்.

"அப்ப நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கடையின் வேன் டிரைவர். தனக்கு எந்தச் சாமியும் கிடையாது என்பதைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்கிறவர். வியாழக்கிழமை ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. கேட்டால், மெத்தை நன்றாக இருக்கிறது என்பார். "வேலைய விட்டு நின்னுடறேன்னு சொன்னப்ப என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சொன்னாருங்க. முன்னாடி வலதுன்னு."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாரா?" என்றார் டாக்டர்.

"ஆமா."

அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட ரகசியமாக இருந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் நாலு பேரும் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

மகளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெள்ளைத் துணிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டவர்களுக்கெல்லாம் மிட்டாய் மாதிரி ஒரே கைப்பிடியை நீட்டியிருக்கிறார். தனக்குக் கொடுத்ததும் அந்த மிட்டாய்தானா? முப்பத்து மூன்று வருஷமாக அதையா சப்பிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதிரே எது வந்தாலும் முதலில் பிரேக்கைப் போடுவார். "முதல்ல ஒண்ணு. மத்த மதத்துக்காரங்க தூக்கலாமான்னு மார்க்கத்துல பார்க்கணும்" என்று செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

வேறு நாளாக இருந்தால் செயலாளர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இன்றைக்குத் தன் கைப்பிடியும் இதில் மாட்டிக்கொண்டிருந்தது. "தூக்க வேண்டியது தோள் தம்பி. தோளுக்குப் போய் என்ன விசாரணை?" என்றார். பிறகு, "ஆனா முதல்ல சொன்னது என்கிட்ட" என்று சேர்த்துக்கொண்டார்.

"தேதி இருக்கா?" என்றார் வக்கீல்.

"பக்கத்துல குடியிருக்கறவனுக்கு முன்னுரிமை இல்லையா?" என்றார் டாக்டர்.

"சம்பளம் வாங்கினவனுக்கு உரிமை இல்லன்னு சொல்லுங்க, போயிடறேன்" என்றார் டிரைவர். போகவில்லை.

குரல்கள் ஏறின. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. இப்படியே போனால் வாப்பாவை வைத்துக்கொண்டே அடுத்த சண்டை ஆரம்பமாகிவிடும். ஆயுசு முழுக்கச் சண்டையை விலக்கியவருக்கு அது தேவையா என்று மகளுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் பேசுகிற குரல் தானாக வந்தது.

"ரெண்டு மாடிக்குப் படிக்கட்டுல எத்தனை வளைவு? மாடிக்கு ரெண்டு, மொத்தம் நாலு. நீங்களும் நாலு பேர். ஆளுக்கு ஒரு வளைவு. முதல்ல செயலாளர். அடுத்து வக்கீல் சார், முதல் மாடி வரைக்கும். அங்க டாக்டர் அவர் வாசல்ல நின்னு வாங்கிக்கட்டும். கடைசி வளைவுலேர்ந்து வேன் வரைக்கும் டிரைவர்."

டிரைவர் தலையாட்டினார். வக்கீல் மட்டும், "நான் அவர்கிட்ட கொடுக்கணுமா?" என்று டாக்டரைப் பார்க்காமலே கேட்டார்.

"வேற யார்கிட்ட சார் கொடுப்பீங்க? படி அப்படித்தானே போகுது."

யாருக்கும் வாக்குக் கொடுக்கப்படாத பின் கைப்பிடிகள் அண்ணனின் இரண்டு மருமகன்களுக்குப் போயின. முகம் பார்த்து, மூடி, பெட்டியில் வைத்தார்கள். அண்ணன் முன் வலது மூலையில் குனிந்தார். "வாசல் வரைக்கும் நான். அப்புறம் இவங்க."

இனி கேட்காவிட்டால் எப்போதும் இல்லை. "அண்ணே" என்றாள். "வாசல் வரைக்கும் நான் பிடிக்கறேன்."

"நீயா? எதுக்கும்மா?"

"எனக்கும் சொல்லியிருக்கார்."

அண்ணன் நிமிர்ந்தார். எதிரே வண்டி வந்தது போல ஒரு கணம் நின்றார். "எப்ப?"

"சைக்கிள் சண்டையப்போ."

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். காதின் நுனி சிவந்தது. குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "எனக்கும் அன்னிக்குத்தான் சொன்னார். நான் மாடியில அழுதுக்கிட்டிருந்தேன்."

"நீ அழுதியா?"

"சைக்கிள் என்னுதும்மா. கோணலாக்கினது நீ."

அப்போதுதான் அவளுக்கு வாப்பாமேல் இருந்த கோபம் விட்டுப்போனது. ஒரே நாளில் கடைக்கும் மாடிக்கும் ஏறி இறங்கியிருக்கிறார். அப்போதே மூட்டுவலி அவருக்கு.

அண்ணன் சுற்றி வந்து, அங்கே நின்ற டிரைவரை விலக்கி, முன் இடது கைப்பிடியைப் பிடித்தார். அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வலது கைப்பிடியைப் பிடித்தாள். தூக்கினார்கள். நினைத்ததைவிட வாப்பா லேசாக இருந்தார். கூடத்திலிருந்து வாசலுக்குப் பதினோரு எட்டு. அவள் சின்னச் சின்னதாக எடுத்து வைத்துப் பதினாறாக்கினாள். அண்ணன் கூடவே சின்னதாக நடந்தார்.

வாசலில் செயலாளர் கை நீட்டினார். "பிடிச்சிட்டேன்மா, விடுங்க."

விட்டாள்.

கலிமா சொல்லிக்கொண்டே பெட்டி இறங்கியது. பெண்களோடு அவள் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று எட்டிப் பார்த்தாள். முதல் வளைவில் ஒரு "பார்த்து", ஒரு "பிடிச்சாச்சா". வக்கீலின் வழுக்கைத் தலை அடுத்த வளைவில் இறங்கி மறைந்தது. அதற்குப் பிறகு குரல்கள் மட்டுமே மேலே வந்தன.

முதல் மாடியில் கலிமா நின்றது. பெட்டியும் நின்றிருக்க வேண்டும். மகள் கம்பிக்கு மேலாகக் குனிந்து காது கொடுத்தாள்.

"பிடிங்க டாக்டர்" என்று கடைசியில் வக்கீலின் குரல் கேட்டது.

"இருங்க. இங்க தரை ஈரமா இருக்கு. கால் வழுக்கும்."

கால் ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுத் தண்ணிதான்" என்றார் வக்கீல். "பார்த்து நில்லுங்க."

"நின்னுட்டேன் சார்."

"கெட்டியா பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிட்டேன். நீங்க விடுங்க."

மேலே, படிக்கட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த தன் வலது கையை மகள் அப்போதுதான் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.