அறுபது மடங்குக் கேமரா

ராஜகிரி மலை பழைய இடத்திலிருந்து பதினோரு அடி ஊரை நோக்கி நகர்ந்திருக்கிறது. காரணம், பீமாராவ் கடையில் கேமரா வாங்காமல் போனவர்கள். செஞ்சியில் ஜூமைச் சோதிப்பதென்றால் கடைவாசலில் நின்று அந்த மலைமேல் இருக்கும் கோட்டை உச்சியைப் பிடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். விலை படியாத கோபத்தில் சிலர் ஜூமைக் குறைக்காமலே அணைத்துவிட்டுப் போவார்கள். மலை இழுபட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

சிங்கவரத்து ஸ்டெல்லாவுக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. அவளுக்கு வேண்டியது சாட்சி. புருஷன் இறந்த நாளிலிருந்து கொழுந்தன் வின்சென்ட் ஒவ்வோர் உழவிலும் பொது வரப்பை அவள் பக்கமாக ஒரு சாண் செதுக்கிக்கொண்டிருந்தான். போன் படத்தில் அவன் எறும்பாகத் தெரிந்தான். கிட்டே போனால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வான்.

மலிவு விலையில் மூன்று கேமராக்கள் இருந்தன. முப்பது மடங்குக்காரன் மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுப்பான். நாற்பதுக்குப் பெட்டிக்கடை பென்சில் பேட்டரி போதும். அறுபது நல்ல கனம். கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கும்.

"முப்பதே போதும்மா. நம்பரைப் பாத்து ஏமாறாத, கை ஆடும்" என்றார் பீமாராவ்.

"என் கை ஆடாது, உன் வாய்தான் ஆடுது. அறுபதை எடு."

மூன்று முறை படியிறங்கி, மூன்று முறை திரும்பி வந்து, தன் விலைக்கே வாங்கினாள். "ஜூமைக் கொறைச்சிட்டு அணைம்மா" என்று அவர் கத்தியது பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

மறுநாள் காலை மாடியேறி, வின்சென்ட்டை மண்வெட்டியோடு பிடித்தாள். படம் அச்சாக விழுந்தது. அவன் நிமிர்ந்து பல்லைக் காட்டவும், ஆத்திரத்தில் அப்படியே அணைத்தாள். நடுவிலிருந்த இரண்டு ஏக்கர் வேர்க்கடலை நிலம் மடிந்து மறைய, வயலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வின்சென்ட் தன் வீட்டோடு அவள் சன்னலுக்கு மூன்றடியில் வந்து நின்றான்.

"மொதல்ல ஜூமைக் கொறைங்க அண்ணி."

"மொதல்ல வரப்பை இருந்த எடத்துல வை."

"வயலே இல்லியே, வரப்பை எங்க வெக்கிறது?"

"அது உன் பாடு, திருட்டுப்பயலே."

கிராம நிர்வாக அலுவலர் நிலம் அளக்கும் சங்கிலியோடு வந்து, மூன்றடி என்று எழுதிக்கொண்டு, சோடா குடித்துவிட்டுப் போனார். இரண்டு வருஷமாகிறது. ஸ்டெல்லா மாதம் தவறாமல் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறாள். ஜூமை மட்டும் குறைப்பதில்லை. இரு வீட்டாரும் வேர்க்கடலையைக் கடையில் வாங்கித் தின்று, தோலை எதிர்ச் சன்னலுக்குள் எறிகிறார்கள்.