வீப்கே வீட்டுக் கடல்

டெட்லெஃப் வரைந்த படங்களில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி வற்றியது. ஏறும்போது படச்சட்டத்தின் கீழ் விளிம்பில் உப்புத் தண்ணீர் சொட்டி எங்கள் ஊர் வீடுகளின் கூடங்கள் நனைந்தன. ஆளை வரையச் சொன்னால் பின்னால் கடலையும் சேர்த்து வரைவது அவன் வழக்கம். மூனிக் போய்ப் படித்தவன். படம் போடுகிறவனை நான் நம்புவதில்லை. ஆனால் என் வீட்டுத் தரையும்தான் ஈரமாக இருந்தது, அதற்கு என்ன சொல்வது.

எங்கள் ஊர் கடலைவிடத் தாழ்வு. மண்கரை எழுப்பித்தான் பிழைக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு பங்கு உண்டு. தன் பங்கைப் பார்க்க மாட்டேன் என்பவன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்குகிறவருக்கு அவன் வீடு, நிலம், கரை வேலை எல்லாம். கரைத்தலைவர் மொம்சென் கூட்டம் போட்டு, "உன் கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுப்பா. அதுக்கும் நீதான் கரை போடணும்" என்றார். டெட்லெஃப் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு படத்திலும் ஆளுக்கும் கடலுக்கும் நடுவே பச்சைக் கரை ஒன்றை வரைந்தான். சொட்டுவது நின்றது. அவனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே தின்றான். கடைசியில் அவன் மனைவி வீப்கேயின் படம் மட்டும் மிச்சம். தூரிகையைக் கீழே போட்டான். "இதுலயும் கரை போட்டா எனக்கு மூச்சு முட்டிப்போகும்." அன்றே மண்வெட்டியைக் குத்திவிட்டுத் தெற்கே போய்விட்டான்.

அவனுடையது நல்ல மேய்ச்சல் நிலம். மொம்சென் கையைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியை நெருங்கினார். அதற்குள் வீப்கே ஓடிவந்து பிடுங்கிவிட்டாள்.

"பொம்பளை கரைக்கு மண்ணு வெட்டுவாளா?"

"அந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு நீங்க வெட்டறதவிட நல்லாவே வெட்டுவேன். இனி வீடு என்னுது. படத்துத் தண்ணியும் என்னுது, வாசப்படி தாண்டாது."

சொன்னபடி வாசலுக்குக் குறுக்கே களிமண் மேடு கட்டினாள். கரையில் அவள் பங்கில் ஓர் எலிவளைகூடக் கிடையாது.

டெட்லெஃப் எங்கும் தங்கவில்லை. ஓர் ஊரில் பிரபுக்களை வரைந்தான், ஓர் ஊரில் மலைகளை. சாயம் காயும் முன்பே கிளம்பிவிடுவான் என்று கேள்வி. அவனுக்குத் தலை நரைத்தது, அவளுக்கும் நரைத்தது. அப்போதுதான் வீப்கேயின் படத்தில் அடிவானத்தில் புள்ளியாக ஒரு படகு தெரிந்தது. கடல் ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கிட்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீர் நேரம், முழங்கால்வரை நனைந்த டெட்லெஃப் சட்டத்தைத் தாண்டிக் கூடத்தில் இறங்கினான்.

"பூட்ஸைக் கழட்டுய்யா, இப்பதான் தொடச்சேன்" என்றாள் வீப்கே.

தண்ணீர் வற்றும்போது அதே படகில் ஏறிப் போய்விட்டான். இப்போது வருவதும் போவதுமாக இருக்கிறான். கரையைப் பார்வையிடும் நாளில் மொம்சென் அந்த வாசல் மேட்டைக் காலால் அழுத்திப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.