மற்றும் பலர்

அந்தத் தீவில் ஒருவர் செத்தாரா இல்லையா என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை. யூலிண்டா க்வாஷி முடிவு செய்வாள். மத்தியானம் ஒரு மணிக்கு வானொலியில் ஆர்கன் இசை ஒலித்து, அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னால்தான் ஆள் போய்விட்டதாக அர்த்தம். அதுவரைக்கும் வெறும் வதந்திதான். இருபத்தொரு வருஷமாக அவள்தான் மரண அறிவிப்பு வாசிக்கிறாள்.

வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஞானஸ்நானப் பெயர். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சிறில் அகஸ்டின் நோயல் காலமானார் என்றால் எவனோ என்று சும்மா இருப்பார்கள். ‘உப்புமீன் என்று எல்லோராலும் அறியப்பட்ட’ என்று சேர்த்த பிறகுதான் அடுப்படியில் கரண்டி கீழே விழும். அதற்கப்புறம் மனைவி, பிள்ளைகள், லண்டனில் இருக்கும் தங்கை, டொரோண்டோவில் இருக்கும் மருமகன், கூட வேலை பார்த்தவர்கள், கோயில் பாடகர் குழு என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘பெயர் சொல்லி முடியாத மற்றும் பலர்’ என்று நிற்கும். அந்த வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை முறித்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அதனால் யூலிண்டா ஒரே விதி வைத்திருந்தாள். உரிமையுள்ளவர் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிப்பாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ரொட்டிக்கடை மெர்லின் அவளிடம் வந்து அழுதாள். அவளோடு ஏழு வருஷம் வாழ்ந்த கொத்தனார் இறந்திருந்தான். தாளை அவனுடைய அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள். என் பேரைச் சேர்க்க வேண்டாம், ‘தோழி’ன்னு ஒரு வார்த்தை போதும் என்று மெர்லின் கெஞ்சினாள்.

“தாள்ல இல்லாதது என் வாயில வராது, மெர்லின்” என்றாள் யூலிண்டா. சொன்னது நியாயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

அவளுடைய வீட்டிலும் அப்படி ஒருவன் இருந்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இக்னேஷியஸ் பெத்தெல், எல்லோருக்கும் அரைமணி. எங்கே போனாலும் அரைமணி நேரம் தாமதம், அதனால் அந்தப் பெயர். படகுத்துறையில் ஃபெர்ரியின் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது அவன் வேலை. ஃபெர்ரி வந்து நிற்கும், இவன் வரமாட்டான். பயணிகள் மேல்தட்டிலிருந்து திட்டிக்கொண்டிருக்கும்போது, சாவகாசமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வருவான். பதினெட்டு வருஷமாக அவன் யூலிண்டாவின் வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவனுடைய சட்டப்படியான மனைவி ஹார்டென்ஸியா ப்ரூக்ளினில் இருந்தாள். போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு பீப்பாய் நிறைய சாமான் அனுப்புவாள். அதில் அவனுக்கென்று வரும் சட்டைகள் ஒன்றும் அவனுக்குப் பத்தாது.

விவாகரத்துக்கு அவனுடைய ஒரு கையெழுத்துதான் பாக்கி. பெரிய தீவிலிருந்து வக்கீல் மாதம் ஒருமுறை அதே ஃபெர்ரியில் வருவார். அவர் இறங்கும் படகின் கயிற்றை இக்னேஷியஸே கட்டுவான், சலாம் வைப்பான், அடுத்த மாசம் வர்றேன் சார் என்பான். யூலிண்டா சண்டை போட்டாள், பேசாமல் இருந்து பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது வீடும் இல்லை, நிலமும் இல்லை. தானே தினமும் வாசிக்கும் அந்த வரிசையில், இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் தன் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்கவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம்தான் இங்கிலாந்திலிருந்து படக்காரர்கள் வந்தார்கள். சிரிப்புப் படம், ஆனால் கொலை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தி துப்புத் துலக்குகிறாள்; பிணம் மட்டும் ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டுப்பட்டியிலும் ஐஸ் பெட்டியிலும் பாடகர் குழுவின் பின்வரிசையிலும் மாறி மாறிக் கிடக்கிறது. ரூபர்ட் என்ற டைரக்டர் பிணத்துக்கு ஆள் தேடியபோது, வேலை நேரத்தில் துறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த இக்னேஷியஸைப் பார்த்தார். பேச்சு வார்த்தையே தேவைப்படவில்லை. அவன் எழுந்திருப்பதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று துறையில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் ரூபர்ட் காரில் போகும்போது யூலிண்டாவின் அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தாராம். படத்தில் இதே மாதிரி ஒன்று வேண்டும், கதையில் பிணத்துக்குப் பெயரே வைக்கவில்லை, அதனால் நிஜப் பெயர்களையே போடுங்கள் என்றார். தாளை நானே எழுதறேன், செத்தவனுக்குத் தெரியாததா என்று இக்னேஷியஸ் வாங்கிக்கொண்டான். கடைக்குள் இருக்கும் ரேடியோவின் கரகரப்போடு பதிவாக வேண்டும் என்று ரூபர்ட் பிடிவாதம் பிடித்ததால், ஒரு மணி அறிவிப்பிலேயே ஒருமுறை ஒலிபரப்பிவிடலாம் என்று நிலைய மேலாளர் சம்மதித்தார். இது படத்துக்காக என்று முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

யூலிண்டா சொன்னாள். சொன்ன பிறகு ஆர்கன் போட்டார்கள். தாளைப் பிரித்தாள். இக்னேஷியஸ் பெத்தெல், அரைமணி என்று எல்லோராலும் அறியப்பட்டவர். அடுத்த வரியில் அவனுடைய கோணல் எழுத்தில் ‘ஆசை மனைவி யூலிண்டா’ என்று இருந்தது.

இருபத்தொரு வருஷத்தில் தடுக்காத குரல் அன்றைக்குத் தடுக்கியது. ஒரே ஒரு நொடிதான். பிறகு வாசித்து முடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபர்ட் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், அந்தத் தடுக்கல் பிரமாதம் என்றார்.

சாயங்காலம் வீட்டில் பிடி பிடி என்று பிடித்தாள். ஊரே கேட்கிற ரேடியோவில் என்னைப் பொய் சொல்ல வைத்தாயே என்றாள். கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவன் தலையே நிமிரவில்லை.

“தாள்ல இருந்தாத்தான் வாசிப்பேன்னு நீதானே சொல்லுவ. அதான் தாள்ல எழுதினேன்.”

“வக்கீல் தாள்ல எழுதணும்டா அத.”

“எழுதறேன். இது ஒத்திகை.”

இதற்குள் வாசலில் கூட்டம். படத்துக்காக என்று முன்னால் சொன்னதை யார் கேட்டார்கள்? ஆர்கன் ஒலித்த பிறகுதானே இந்த ஊர் ரேடியோவைச் சத்தமாக வைக்கும். துக்க வீட்டுக்கு அவரவர் நாற்காலியை அவரவரே கொண்டுபோவது வழக்கம். முப்பது பேர் தலையில் நாற்காலியோடு, கையில் காபித்தூளும் தேங்காய் ரொட்டியும் டாமினோப் பெட்டியுமாக வந்து நின்று, கோழியோடு நின்ற பிணத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கோபித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பி எடுத்துப் போனார். மற்றவர்கள் வந்தது வந்தாயிற்று என்று உட்கார்ந்து, கோழியையும் தின்றுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவளைப் பார்த்தவர்களெல்லாம், என்ன மிஸஸ் பெத்தெல், சவம் சௌக்கியமா என்றுதான் விசாரித்தார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவாள். முதுகு திரும்பியதும் சிரிப்பு வந்துவிடும். அந்த இரண்டு மாதம் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைத்துச் சொல்வானேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இக்னேஷியஸ் ஃபெர்ரிக்கு முன்பே துறைக்கு வந்து, கயிறு கட்டும் குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தான். நேரத்துக்கு வந்துட்டானே என்று மாலுமிகள் கை தட்டினார்கள். கயிற்றை வீசினார்கள். அது அவன் மடியில் விழுந்தது, அவன் அதைப் பிடிக்கவில்லை.

மரண அறிவிப்புத் தாள் ப்ரூக்ளினிலிருந்து வந்தது. ஹார்டென்ஸியா கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, நிலையத்தின் போனுக்கு அனுப்பியிருந்தாள். மேலாளர் அதை அச்செடுத்து யூலிண்டாவிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்றைக்கு வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாமே என்றார். யூலிண்டா கையை நீட்டினாள். வேறு யாராவது வாசித்தால் அவன் செத்ததாகவே ஆகாது என்றாள்.

ப்ரூக்ளினில் வசிக்கும் மனைவி ஹார்டென்ஸியா. மகன்கள் இரண்டு பேர். அக்கா, தங்கை. மருமக்கள். அவன் ஜன்மத்தில் பார்த்திராத பேரக்குழந்தைகள். ஃபெர்ரி ஊழியர்கள். ப்ரூக்ளினில் ஹார்டென்ஸியா போகும் கோயிலின் பெண்கள் சங்கம்கூட இருந்தது. யூலிண்டா ஒவ்வொரு பெயரையும் சரியாக உச்சரித்தாள். இரண்டே வார்த்தை சேர்த்திருக்கலாம்; மைக் அவள் முன்னால், தடுப்பதற்கு ஒருவரும் இல்லை. மேலாளர்கூட அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆனால் தாளில் இல்லையே. மெர்லின் அழுதது நினைவுக்கு வந்தது. அந்தப் பாவி மகளுக்கு ஒரு வார்த்தை தராதவள் தனக்கு மட்டும் இரண்டு எடுத்துக்கொள்ள முடியுமா? ‘பெயர் சொல்லி முடியாத மற்றும் பலர்’ என்று வாசித்தாள். அந்தப் பலரில் தானும் ஒருத்தி என்று தெரிந்தே வாசித்தாள், குரல் தடுக்காமல்.

வீட்டுக்கு வந்து காபி போட்டு வைத்தாள். முற்றத்தைக் கூட்டினாள். யாரும் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. தெருவில் போனவர்கள் கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். இன்னொருத்தரம் படம் எடுக்கறாங்களா, உங்க கோழிய மறுபடி சாப்பிட வரமாட்டோம் என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான். ஊர் ஒருமுறை ஏமாந்தது, இரண்டாம் முறை ஏமாறத் தயாராக இல்லை; துறையிலிருந்து வந்த பேச்சையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டது. எழுந்து போய் ஒவ்வொரு வாசலிலும், நிஜமாகவே செத்துவிட்டான் என்று சொல்ல அவளுக்குக் கால் வரவில்லை.

ஐந்து மணிக்கு மெர்லின் தலையில் ஒரு நாற்காலியோடு வந்தாள். நாற்காலியை இறக்கி, யூலிண்டாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ரொட்டிப் பொட்டலம்.

“இது நெஜம்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் யூலிண்டா.

“கடைசி வரைக்கும் கேட்டேன். உன் பேர் வரல” என்றாள் மெர்லின். “படமா இருந்தா வந்திருக்கும்.”

எப்போதும் மிஸ் யூலிண்டா, நீங்க என்றுதான் பேசுவாள். அன்றைக்குத்தான் நீ என்றாள். யூலிண்டா அவள் தோளில் சாய்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தெருவில் ஒவ்வொரு நாற்காலியாக வர ஆரம்பித்தது.

அடக்கத்துக்கு ஹார்டென்ஸியா கறுப்புத் தொப்பியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். யூலிண்டா ஃபெர்ரி ஊழியர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஹார்டென்ஸியா அவள் கையைப் பிடித்து, நீங்க ரொம்ப அழகா வாசிச்சீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நன்றி என்றாள். நல்ல பெண்மணிதான், அவள்மேல் கோபப்படக்கூட வழி இல்லை.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் ஜன்னல்களைத் துணியால் மூடிப் போட்டுக் காட்டினார்கள். தீவே உள்ளே இருந்தது. உட்கார அவரவர் நாற்காலியைக் கொண்டுவந்திருந்தார்கள்; யூலிண்டாவும் தன்னுடையதைப் போட்டு மெர்லினோடு நடுவில் உட்கார்ந்தாள். அவள் வந்தது ஒரு வரிக்காக. தன் வாயால் தான் சொன்ன அந்த ஒரு வரியை, எல்லோரும் இருக்கும்போது ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

ஆட்டுப்பட்டியில் பிணம் வந்ததும் ஹால் அதிர்ந்தது. ஆடு அவன் காதை நக்க, செத்தவனின் வாய் கோணியது. யூலிண்டா சிரிக்கவில்லை. பிணமாகக் கிடக்கும்போதும் அவன் வயிறு மெல்ல ஏறி இறங்கியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்துப் பார்த்த மூச்சு. ரூபர்ட் கவனிக்கவில்லை போலிருக்கிறது, அவளுக்கு மட்டும் தெரிந்தது.

பிறகு கடைக் காட்சி. ஆர்கன் ஒலித்தது. அவளுடைய குரல். “அரைமணி என்று எல்லோராலும் அறியப்பட்டவர். அவருடைய ஆசை…” அந்தத் தடுக்கல். டீச்சரம்மா உள்ளே நுழைந்து, என்ன இரைச்சல் இது என்று ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள். ஹாலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மெர்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் உதறவில்லை.

படம் முடிந்ததும் நாற்காலிகள் இழுபட்டன, துணிகளை விலக்கினார்கள், வெளிச்சம் உள்ளே வந்தது. அவன் பெயரையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று யூலிண்டா உட்கார்ந்தே இருந்தாள். வெளிறிப்போன திரையில் எழுத்துகள் ஏறின. பிணம், இக்னேஷியஸ் பெத்தெல். அதற்கு நேர் கீழே வானொலிக் குரல், யூலிண்டா பெத்தெல்.

படக்காரர்களில் யாரோ அந்தத் தாளைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். மனைவி என்று இருந்தது, அதனால் மனைவி என்றே நம்பிவிட்டார்கள். மறுபடி ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மெர்லின் எழுந்து நின்று, போகாதீங்க, இதப் பாருங்க என்று வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் திரும்புவதற்குள் இரண்டு பெயரும் மேலே போய் மறைந்துவிட்டன.

யூலிண்டா தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாசலில் கூட்டம் அப்படியே நின்றது, இருபத்தொரு வருஷப் பழக்கம். ஒரு மணிக் குரலில் அவள் இரண்டு பெயரையும் வாசித்தாள், திரையில் இருந்த வரிசைப்படியே. பிறகு நாற்காலியை மடக்கி, தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.